ஆறு மாதப் பயணத்துக்கு 70 லிட்டர் பையா, 80 லிட்டரா?

கேள்வி: மார்ச் 2, காலை

ஆறு மாதம் ஊர் ஊராகச் சுற்றப் போகிறேன். பஸ், ரயில், நடுநடுவே விமானம். வெயிலும் உண்டு, கடைசி இரண்டு மாதம் குளிரும் உண்டு. தங்குவதெல்லாம் விடுதி அறைகளில், கூடாரம் கிடையாது. 70 லிட்டர் முதுகுப்பை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதிலேயே 80 லிட்டரும் இருக்கிறது. பெரிதாகவே எடுத்துவிட்டால் என்ன? இடம் மிஞ்சினால் மிஞ்சட்டுமே. தூக்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

80 வேண்டாம். 70-உம் வேண்டாம். 45-க்கு மேல் போகாதீர்கள்.

"இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும்" என்றுதான் நானும் 70 வாங்கினேன். நான்கு மாதப் பயணம். கிளம்பும்போது எடை போட்டேன், 13.5 கிலோ. ஆறாவது வாரம் ஒரு விமான நிலையத் தராசில் வைத்தபோது 19. நடுவில் பெரிதாக எதையும் வாங்கிவிடவில்லை. ஒரு போர்வை. படித்து முடித்தும் யாருக்கும் கொடுக்க மனம் வராத நான்கு புத்தகங்கள். இன்னொரு ஜோடி செருப்பு. பாதி தீர்ந்த சோப்புத்தூள். யாரோ அன்பாகக் கொடுத்த கண்ணாடி ஜாடி, அதைச் சுற்றி வைக்க ஒரு துண்டு. ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது "இதற்கென்ன, இடம்தான் இருக்கிறதே" என்று தோன்றியது. பைக்குள் இடம் இருந்தால் அது நிரம்பும். நிரம்பியதை எடுத்து வெளியே வைக்கக் கை வராது.

ஒரு ரயில் நிலையம் இன்னும் நினைவில் இருக்கிறது. மேம்பாலப் படிகள், மின்தூக்கி பழுது, வண்டி கிளம்ப எட்டு நிமிடம். பாதிப் படியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியதால் அல்ல, இரண்டு தோளும் தீயாக எரிந்தன. வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போயிருந்தது. வண்டி போய்விட்டது.

அடுத்த பயணத்துக்கு 45 லிட்டர் எடுத்தேன். மொத்தம் 9 கிலோ. ஒரு தொல்லையும் இல்லை. ஆகவே 45.

மார்ச் 3

"ஆறு மாதத்துக்கு 45-ல் எப்படி அடங்கும்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஆறு மாதத்துக்கு என்று யாரும் துணி எடுப்பதில்லை. ஒரு வாரத்துக்கு எடுக்கிறோம், துவைக்கிறோம், மறுபடி உடுத்துகிறோம். ஒரு வாரப் பயணத்துக்கும் ஆறு மாதப் பயணத்துக்கும் துணிக் கணக்கு ஒன்றுதான். கூடுவது மருந்தும் மின்கம்பிகளும் காகிதங்களும் மட்டும்.

நான் எடுத்துப் போனது: மேல்சட்டை நான்கு, கால்சட்டை இரண்டு, உள்ளாடை ஆறு, காலுறை நான்கு, மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, மழைச்சட்டை ஒன்று, சீக்கிரம் காயும் துண்டு ஒன்று. காலில் ஒரு ஷூ, பைக்குள் ஒரு ரப்பர் செருப்பு. பருத்தி ஜீன்ஸ் எடுக்கவில்லை. எடை ஒரு பக்கம், அதைவிட அது காயவே காயாது. ராத்திரி அலசிப் போட்டால் காலையில் ஈரமாகத்தான் மடிக்க வேண்டும். ஈரத் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் என்ன வாசம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, வெறும் பையின் எடை. பையை விறைப்பாக நிறுத்தும் சட்டமும் கனமான இடுப்புப் பட்டையும் உள்ள 70 லிட்டர் பை காலியாகவே இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். விமானத்தில் கையோடு கொண்டுபோகப் பல நிறுவனங்கள் 7 கிலோதான் விடுகின்றன. அளவும் கிட்டத்தட்ட 55 × 40 × 20 செ.மீ., ஒரு நிறுவனத்துக்கு இன்னொரு நிறுவனம் கொஞ்சம் முன்பின் இருக்கும். 40, 45 லிட்டர் பை அந்த அளவுக்குள் எப்படியோ நுழையும். 70 நுழையாது. அதைக் கீழே சரக்கறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

சொல்ல விட்டது. எத்தனை லிட்டர் எடுத்தாலும் மேல்வாய் மட்டும் திறக்கும் பையை விடுதிப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். சூட்கேஸ் மாதிரி முன்பக்கம் முழுக்க ஜிப் திறக்க வேண்டும். மேல்வாய்ப் பையில் அடியில் கிடக்கும் காலுறைக்காகப் பாதி ராத்திரியில் எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும். அறையில் மற்ற ஏழு பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மலையேற்றக்காரர்களுக்கு மேல்வாய் நல்லது. ஜிப் குறைவு, தண்ணீர் புக வழி குறைவு, அறுந்துபோக ஒன்றும் இல்லை. அவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பையைப் பிரிக்கிறார்கள்.

மார்ச் 5

குளிர்ப் பிரதேசத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் என்னைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. "45-க்கு மேல் போகாதீர்கள்" என்று எல்லாருக்குமாக நான் சொன்னது தப்பு.

இப்படிப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். கூரைக்குக் கீழே தூங்கப் போகிறீர்கள், வெயிலோ மிதமான குளிரோ என்றால் 40 முதல் 45. கடுங்குளிர் என்றால் 50, 55. கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, ஐந்து நாள் சாப்பாடு எல்லாம் முதுகில் என்றால் 60, 65. அதற்கும் மேலே போகிற தேவை உள்ளவர்களுக்கு அது தெரிந்தே இருக்கும், கேள்வி கேட்க மாட்டார்கள்.

குளிர்த்துணியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இறகு வைத்த சட்டை கையளவுக்குச் சுருங்கும். பெரிய கம்பளிச் சட்டை சுருங்காது. ஷூ எதற்கும் மசியாது. அதனால் கனமான ஷூவையும் மழைச்சட்டையையும் பயண நாளில் உடம்பிலேயே போட்டுக்கொண்டு போவேன். பஸ்ஸில் வியர்க்கும். பரவாயில்லை.

கேள்வி கேட்டவருக்குக் கடைசி இரண்டு மாதம்தான் குளிர். முதல் நான்கு மாதம் குளிர்த்துணியைச் சுமப்பானேன்? அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் 45 போதும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மார்ச் 8

நாலைந்து நாளாக லிட்டர், லிட்டர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் பேச வேண்டியது முதுகு. இதை நான் மார்ச் 2-லேயே எழுதியிருக்க வேண்டும்.

பெரிய பையின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்தது அல்ல, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. ஆறடி ஆளுக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம். அவருக்குப் பெரிய அளவுப் பை பொருந்தாது.

அளக்கும் விதம்: தலையைக் குனியுங்கள். கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு, அங்கிருந்து தொடங்க வேண்டும். பிறகு இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்ளுங்கள், விரல்கள் முன்பக்கம், கட்டைவிரல்கள் முதுகுப்பக்கம். கைக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்பட வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோடு முதுகுத்தண்டைக் கடக்கும் இடம் வரை தையல்நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டி வைத்து அளக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாது. வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

ஏன் இந்தப் பாடு என்றால், நல்ல பெரிய பையில் எடையின் பெரும்பகுதியை இடுப்புதான் தாங்க வேண்டும். தோள் பட்டை பையை முதுகோடு அணைத்துப் பிடிக்க மட்டும். முதுகு நீளமும் பையின் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்காராது. பை குட்டையாக இருந்தால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், எல்லா எடையும் தோளுக்கு. பை நீளமாக இருந்தால் பட்டை புட்டத்துக்கு இறங்கிவிடும்.

என் முதுகு 51 செ.மீ.

மார்ச் 9

இல்லை. 51 இல்லை.

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை, "இதில் இருக்கிறபடி எப்போதாவது அளந்தாயா?" என்று கேட்டாள். அளக்கவில்லை. அந்த 51 பல வருஷத்துக்கு முன்னால் 70 லிட்டர் பை வாங்குவதற்காக நானே தனியாக, சட்டைக் காலரிலிருந்து பேண்ட் பெல்ட் வரைக்கும் அளந்தது. பேண்ட் பெல்ட் இடுப்பெலும்பின் உச்சிக்குக் கீழேதான் நிற்கும். அங்கே போய் அளவை முடித்தால் நாலைந்து செ.மீ. கூடத்தான் வரும்.

தங்கை நாடாவைப் பிடித்து மூன்று தடவை அளந்தாள். 45, 45, 45.5.

ஆறு செ.மீ. என்பது பை விஷயத்தில் ஒரு முழு அளவு வித்தியாசம். நடுத்தர அளவு எடுத்திருக்க வேண்டியவன் பெரிய அளவு எடுத்திருக்கிறேன். பரணில் கிடக்கும் அந்தப் பையை இறக்கிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, மாலை

இறக்கினேன். இரண்டு விஷயம்.

ஒன்று, பையின் உட்புறம் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது, கெட்டுப்போன பசை மாதிரி. நைலான் துணிக்கு உள்ளே தண்ணீர் புகாமல் இருக்கப் பாலியூரித்தேன் பூச்சு கொடுப்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு நாளடைவில் சிதைந்து பிசுபிசுக்கும், பிறகு உரிந்து கொட்டும். தூக்கிக்கொண்டு திரிந்த நாலு மாதத்தில் ஆகாத சேதம் சும்மா பரணில் கிடந்து ஆகியிருக்கிறது. பயணம் முடிந்து வந்ததும் நன்றாக உலர்த்தி, ஜிப்பைத் திறந்து, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைக்காதீர்கள்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. அந்தப் பையின் முதுகு நீளத்தை மாற்ற முடியும்! முதுகுத் தட்டுக்குப் பின்னால் கையை விட்டால் ஏணிப்படி மாதிரி வரிசையாக நாடாக்கள், அதில் தோள் பட்டையைக் கோத்து ஒட்டும் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். ஐந்து படி. பை கைக்கு வந்த நாளில் இருந்த மேல்படியிலேயே இன்றைக்கும் நிற்கிறது. நாலு மாதம் தூக்கினேன், ஒரு தடவைகூடப் பின்னால் கையை விட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு படி இறக்கிக் கட்டிவிட்டேன். வார இறுதியில் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 12

தூக்கினேன். 14 கிலோ, அதாவது அன்றைக்குக் கிளம்பின எடைக்கு அரை கிலோ கூடவே. புத்தகமும் தண்ணீர் பாட்டிலும் போர்வையும் வைத்து நிரப்பினேன். நாலு மாடி, ஏறி இறங்கி ஆறு தடவை.

தோள் எரியவில்லை. மரத்துப்போகவில்லை. கனம் இருந்தது, 14 கிலோ 14 கிலோதான். ஆனால் அது காலில் தெரிந்தது, தோளில் தெரியவில்லை. தோள் பட்டைக்கு அடியில் விரலை விட்டால் தாராளமாக நுழைந்தது.

ஆக, மார்ச் 2 இரவு எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். அந்த ரயில் நிலையப் படியில் என்னை நிறுத்தியது 70 லிட்டர் என்று இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை பேரைப் பெரிய பை வேண்டாம் என்று தடுத்திருப்பேன்! நிறுத்தியது லிட்டர் மட்டும் அல்ல. பை நீளமாக நின்றதால் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே வழுக்கியது. வழுக்கியதால் நான் அதை இன்னும் இறுக்கினேன். இறுக்கிய பட்டை இடுப்பின் முன்பக்க எலும்பு முனையை ஒட்டி அழுத்தியது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு அந்த முனைக்குப் பக்கத்தில்தான் கீழே இறங்குகிறது. இறுக்கமான பெல்ட் அதை அமுக்கினால் தொடை மரத்துப்போகும், எரியும். எனக்குப் பயணம் முடிந்து சில வாரத்தில் தானாகச் சரியானது. உங்களுக்கு அப்படி வந்தால் பையை இறக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என்னை மாதிரி பட்டையை இன்னும் இறுக்காதீர்கள்.

தோளிலும் இதே கதைதான். எடை முழுக்கத் தோள் பட்டையில் தொங்கினால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை நசுங்கும். கை வலுவிழந்து போகும் அளவுக்குப் போனவர்கள் உண்டு. சுமை தூக்கி நடக்கும் ராணுவ வீரர்களிடம் இதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

13.5 எப்படி 19 ஆனது என்று எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. அது லிட்டரின் வேலைதான்.

மார்ச் 13

ஒருவர், "இடுப்புப் பட்டை என்பதெல்லாம் இப்போது வந்த ஆடம்பரம், அந்தக் காலத்தில் சாக்குப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். போனார்கள், முதுகையும் கெடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் தடம் மாறிப் போகிறேன்.

1991-ல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது, ஏட்சி என்று பெயர் வைத்தார்கள். 5,000 வருஷத்துக்கும் முன்னால் செத்தவன். அவனோடு கிடைத்த பொருட்களில் வளைத்த ஹேசல் மரக்கொம்பு ஒன்றும் குறுக்குப் பலகைகளும் இருந்தன. முதுகுச் சுமைக்கான சட்டம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுமையை விறைப்பான ஒன்றில் கட்ட வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது.

நார்வேக்காரர் ஓலே பெர்கன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுகு வளைவுக்கு ஏற்றபடி வளைந்த சட்டத்தைப் பையில் பொருத்தினார். அமெரிக்காவில் டிக் கெல்ட்டி 1950-களின் தொடக்கத்தில் அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார், தையல் வேலை அவர் மனைவி நீனா. சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தபோது தோளின் கனம் குறைந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இடுப்புப் பட்டை யோசனை வந்தது என்று சொல்வார்கள். சட்டத்தைப் பைக்கு உள்ளே கொண்டுபோனவர் கிரெக் லோ, 1967-ல். நாம் இன்று தூக்குகிற பை எல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆடம்பரம் இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முதுகில் பட்ட வலியிலிருந்து வந்தது.

மார்ச் 17

லிட்டர் பற்றி ஒரு குறிப்பு, பிறகு அதை விட்டுவிடுகிறேன். 45 என்று எழுதியிருக்கும் இரண்டு பை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் கொட்டி நிரப்பி அளக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் சிலர் வெளிப்பாக்கெட்டையும் கணக்கில் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. உங்கள் துணிமணிகளை ஒரு பழைய பையில் போட்டு எடுத்துப் போய் அங்கேயே நிரப்பிப் பாருங்கள். எந்த எண்ணையும்விட அது சரியாகச் சொல்லும்.

மார்ச் 20

துணி, ஜிப், மழை, விமானம் என்று துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இது.

துணியில் டெனியர் என்று ஒரு எண் போடுவார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். 210 மெல்லிசு, 420 நடுத்தரம், 1,000 தடிமன். அடிப்பகுதியில் மட்டும் தடித்த துணி இருந்தால் போதும், பையை வைக்கும்போது தரையில் உராய்வது அதுதான்.

முதலில் போவது துணி இல்லை, ஜிப். ஜிப்பிலும் பெரும்பாலும் பல் போவதில்லை, ஓடும் இழுப்பான் தேய்ந்து வாய் அகன்றுவிடும். மூடினாலும் பின்னாலேயே பிளந்துகொண்டு வரும். சின்னக் குறடால் இழுப்பானின் இரண்டு ஓரத்தையும் மெதுவாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும். இப்படி ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். பிரதான ஜிப் 8-ஆம் எண் அல்லது 10-ஆம் எண் என்றால் நல்லது, எண் கூடக்கூடப் பல்வரிசை அகலம் கூடும். அதோடு, திணித்து உட்கார்ந்து மூட வேண்டிய பையில் எந்த ஜிப்பும் நிற்காது.

மழை உறையை நான் நம்புவதில்லை. அது முதுகுப் பக்கத்தை மூடாது. முதுகு வழியே வழியும் தண்ணீர் நேரே பைக்குள் போகும். காற்றடித்தால் உறை பறக்கவும் செய்யும். உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணியை வைத்து, வாயை முறுக்கி மடக்கிவிட்டால் வெளியே என்ன பெய்தாலும் கவலை இல்லை. உறையை அழுக்குக்காக வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸின் சாமான் அறையில் எண்ணெயும் புழுதியும் படாமல் இருக்கும்.

விமானத்தில் சரக்கறைக்குப் போடுவதாக இருந்தால் தொங்கும் பட்டை எல்லாம் உள்ளே போக வேண்டும். என் பையின் இடுப்புப் பட்டைப் பக்கிள் ஒரு தடவை ஓடும் பெல்ட்டில் சிக்கி, உடைந்த பாதியோடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கிள் உதிரியாக எப்போதும் கையில் இருக்கும். பட்டைகளை மடித்து ஜிப்பால் மூடும் வசதி சில பயணப்பைகளில் உண்டு. இல்லாவிட்டால் பையையே ஒரு பெரிய லேசான சாக்கில் போட்டு வாயைக் கட்டிவிடலாம்.

பவர் பேங்க் சரக்கறைக்குப் போகும் பையில் இருக்கக் கூடாது, கையில்தான். 100 வாட்-மணி வரை பொதுவாக விடுவார்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி வரும், சிக்கல் இல்லை.

முதுகு படும் பக்கத்தில் இழுத்துக் கட்டிய வலை உள்ள பைகள் பற்றி: காற்றோட்டம் நன்றாக இருக்கும். ஆனால் வளைந்த வலைக்காகப் பையின் உடல் முதுகிலிருந்து சில செ.மீ. தள்ளிப் போகும், எடை பின்னால் இழுக்கும். 8 கிலோவுக்குத் தெரியாது. 15-க்குத் தெரியும்.

மார்ச் 26

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய அக்கா அளந்தாராம், 43 செ.மீ. அவர் பார்த்து வைத்திருந்த 70 லிட்டர் பையில் அவர் நீளத்துக்கு அளவே இல்லை, 46-க்கு மேல்தான் தொடங்குகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இத்தனை நாள் எழுதியது எனக்குத் திருப்தி. இப்போது 55 லிட்டர் ஒன்றும் 45 லிட்டர் ஒன்றும் பொருந்துகின்றன, எதை எடுக்கட்டும் என்று கேட்கிறார்.

முன்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 45 என்றிருப்பேன். இப்போது இப்படிச் சொல்கிறேன். இரண்டிலும் 10 கிலோ போடுங்கள். காலியாகத் தூக்கிப் பார்ப்பதில் பயனில்லை, காலிப் பை எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள். பையை மாட்டி, இடுப்புப் பட்டையை எலும்பின் மேல்விளிம்பில் உட்கார வைத்து முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள் பட்டை, அணைக்கும் அளவுக்கு மட்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் சின்னப் பட்டைகள். அவை பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நிற்க வேண்டும், படுத்துக் கிடந்தால் நீளம் சரியில்லை என்று அர்த்தம். கடைசியில் நெஞ்சுப் பட்டை, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, மூச்சு தாராளமாக விட முடிகிற அளவுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை மேலே ஏறிப் போய்விடும்.

இருபது நிமிடம் நடங்கள். படி ஏறுங்கள். குனிந்து ஷூ கயிறு கட்டுங்கள். தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், பையின் உச்சி தலையில் இடிக்கிறதா? எது முதுகில் இருப்பதே மறந்துபோகிறதோ அதை எடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் 45.

பெண்களுக்கான பைகளைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: நிறம் மட்டும்தான் வேறு என்று நினைக்க வேண்டாம். தோள் பட்டை நெருங்கியும் வளைந்தும் இருக்கும், இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறு, முதுகு நீளமும் குட்டையிலிருந்து தொடங்கும். குட்டை முதுகுள்ள ஆண்களுக்கும் அவற்றில் சில நன்றாகப் பொருந்தும். தயங்காமல் மாட்டிப் பாருங்கள்.

மார்ச் 27

அடுக்கும் விதம் விட்டுப்போனது. அடியில் தூக்கப்பை, ராத்திரிதான் தேவைப்படும் மெத்தென்ற துணி. கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. லேசானவை அதற்கு வெளியே. மேலே மழைச்சட்டை. கனத்தை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிந்து ஈடுகட்டுவீர்கள், சாயந்திரம் கீழ்முதுகு கேள்வி கேட்கும்.

கடவுச்சீட்டு, பணம், மருந்து, போன் பெரிய பையில் கிடையாது. நெஞ்சுப்பக்கம் மாட்டும் சின்னப் பையில். கண் முன்னால் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

அவர் 45 எடுத்துவிட்டார். 8.7 கிலோவாம், தண்ணீர் இல்லாமல்.

என் பழைய 70 லிட்டர் பைக்கும் ஒரு வழி பிறந்தது. பிசுபிசுத்த பூச்சை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தே இரண்டு நாளில் எடுத்தேன். இனி அது தண்ணீர் தாங்காது, உள்ளே பிளாஸ்டிக் பை போட்டால் போதும். துணி, தையல், பக்கிள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன. தங்கை பத்து வாரம் மலைப்பக்கம் போகிறாள், கூடாரத்தோடு. அவளுக்கு 70 சரியான அளவு. ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டிருப்பேன்.

இந்தத் தடவை நான் நாடாவைப் பிடித்தேன். 42. தோள் பட்டையை அடிப்படிக்கு இறக்கிக் கட்டினேன்.

ஏப்ரல் 15

தங்கை கூப்பிட்டாள். நான்காம் நாள், நல்ல ஏற்றம், 15 கிலோ. தோள் எப்படி என்று கேட்டேன். தோள் நன்றாக இருக்கிறதாம், ஆனால் இறக்கத்தில் இடது இடுப்பில் மட்டும் கொஞ்சம் உராய்கிறதாம். தண்ணீர் எந்தப் பக்கம் வைத்திருக்கிறாய் என்றேன். இரண்டு பாட்டிலும் இடது பக்கப் பாக்கெட்டில். ஒன்றை வலது பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 16

உராயவில்லையாம்.